எல்லாருக்கும்தான் கொடுத்தேன்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஸ்ரீஜிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். "பிஜோயாதி, இனிமே டீவியேஷன் எல்லாத்தையும் ப்ரோக்ராமே பிரிச்சிடும். எது பெரிசு, எது சின்னது, யாரை வெச்சுக்கறது, யாரை விடறது எல்லாம் அதுவே சொல்லிடும். நாங்க பார்க்கக்கூட வேண்டாம்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பழைய காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று ஆபீஸ் மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், ஜாலியாக இருக்கட்டும் என்றாள்.

இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். ஜாலியாகத்தான் இருந்தது. அதில் எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

என் பெயர் விஜயா. வங்காளிகளுக்கு 'வ' வராது, அதனால் பிஜோயா. கூடச் சேர்க்கும் 'தி', அதாவது 'திதி', என்றால் அக்கா. அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து கரக்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். கல்யாணமாகி வந்தது கொல்கத்தாவின் பெஹாலா. புள்ளியியல் படித்துவிட்டு முதலில் சணல் பயிர்க் கணக்கெடுக்கும் ஓர் ஆபீஸில் இருந்தேன். சணல் எங்கே வளர்ந்தால் எனக்கென்ன என்று அலுத்துப்போய், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் மருந்து ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது.

என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். புது மருந்து ஒன்று வருகிறது. நோயாளிகளில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பழைய மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கணக்குப் போடும் எங்களுக்கும் தெரியாது. அந்த விவரம் பூட்டிக் கிடக்கும். ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு தடிப் புத்தகம் இருக்கும், அதுதான் ப்ரோட்டோகால். ஆனால் மனுஷர்கள் புத்தகத்தில் எழுதியபடியா நடக்கிறார்கள்? வரச் சொன்ன நாளில் வரமாட்டார்கள். மாத்திரையைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதற்கெல்லாம்தான் டீவியேஷன் என்று பெயர்.

கடைசியில் இரண்டு கணக்குப் போடுவோம். சேர்ந்த எல்லாரையும் வைத்து ஒன்று. விதிப்படி நடந்தவர்களை மட்டும் வைத்து இன்னொன்று. அந்த இரண்டாவது கணக்கிலிருந்து யாரை வெளியே நிறுத்துவது என்பதைப் பூட்டைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். திறந்த பிறகு முடிவு செய்தால், வேண்டிய விடை வரும்வரை ஒவ்வொரு ஆளாகக் கழற்றிவிட்டுக்கொண்டே போகலாம் இல்லையா? அதற்காகத்தான். இந்த முடிவு எடுக்கும் கூட்டத்தில்தான் என் வாழ்க்கையில் பாதி போயிற்று.

கூட்டத்தை நடத்துபவர் எங்கள் தலைவர் ரணஜித் தா. தா என்றால் அண்ணன். இங்கே மேலதிகாரியும் அண்ணன்தான். ஒல்லி மனிதர். பால் விடாத டீயில் கறுப்பு உப்புப் போட்டுக் குடிப்பார். நவம்பர் பிறந்தால் ஏசி அறைக்குள்ளேயே குரங்குக் குல்லா ஏறிவிடும். அவர் கூட்டம் நடத்தும் விதத்தை ஸ்ரீஜிதாவுக்கு எழுதினேன், ஆனால் அவள் நம்பியிருக்க மாட்டாள். பெரிய காகிதத்தில் டீவியேஷன் பட்டியலை அச்செடுத்து மேஜைமேல் விரிப்பார். வலது ஓரத்தில் அந்த நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று இருக்கும். அன்றைய செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து அந்த ஓரத்தின்மேல் வைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிடுவார். யாரும் அதைத் தூக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். இவர் இத்தனை நாள் தாமதமாக வந்தார். இவர் தடை செய்யப்பட்ட மருந்து சாப்பிட்டார். படித்துவிட்டு எங்களைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "விதி என்ன சொல்லுது?"

யாராவது "பாவம், வயசான அம்மா" என்று ஆரம்பித்தால், "வயசைப் பத்தி விதியில இருக்கா?" என்பார். இல்லை என்றால் மேலே போவார். 'வெளியே' என்று சொன்னவரையே 'உள்ளே' என்பதற்கு வாதாடச் சொல்வார். எரிச்சலாக வரும். ஒருமுறை எனக்குக் கோபம் தலைக்கேறி, "இது ஆபீஸா, பட்டிமன்றமா?" என்று தமிழில் கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். அவர் அர்த்தம் கேட்கவில்லை. டீ மட்டும் அனுப்பி வைத்தார்.

ஆரம்ப காலத்தில் ஒரு தோல் நோய் ஆய்வு. வேறு எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது என்பது விதி. கொல்கத்தா நோயாளிகள் அத்தனை பேரும் "வேறு மருந்து எதுவும் இல்லை" என்றே சொல்லியிருந்தார்கள். ரணஜித் தா நம்பவில்லை. "எவன் வீட்டுல ஹோமியோபதி இல்ல? கேட்டுப் பாருங்க, சின்ன வெள்ளை உருண்டை சாப்பிடறீங்களான்னு" என்றார். கேட்டால், முக்கால்வாசிப் பேர் சாப்பிடுகிறார்கள்! பொய் சொல்லவில்லை அவர்கள். அவர்களுக்கு அது மருந்தே இல்லை, வெற்றிலை பாக்கு மாதிரி. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தபோது ரணஜித் தா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நாலு உருண்டையை நாக்கில் போட்டுக்கொண்டார்.

அந்த நாட்கள் சிரிப்பாகத்தான் போயின. துர்கா பூஜை விஷயம் அப்படியில்லை.

எந்த நாட்டிலோ உட்கார்ந்து ப்ரோட்டோகால் எழுதுகிறவர்களுக்கு இந்த ஊரில் மகாளயம் முதல் காளி பூஜை வரை என்ன நடக்கும் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிப் பிரிவு காலியாகக் கிடக்கும். லேப் பாதி மூடிவிடும். நோயாளி அப்பா வீட்டுக்குப் போயிருப்பாள். அம்மனே அப்பா வீட்டுக்கு வரும் நாட்கள் அல்லவா, இவள் போகாமல் இருப்பாளா? ரணஜித் தா ஒவ்வொரு வருஷமும் முன்கூட்டியே எழுதுவார், இந்தச் சமயத்தில் யாரும் வர மாட்டார்கள், வருகை நாட்களை இழுத்துக் கொடுங்கள் என்று. இவ்வளவு நாள் நீடிக்கும் அரசு விடுமுறை எது என்று ஒருமுறை பதில் வந்தது. அவர் அந்தப் பதிலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அது ஒரு வலிப்பு மாத்திரை ஆய்வு. புது மாத்திரை பழையதற்குச் சளைத்ததில்லை என்று காட்ட வேண்டும். பழைய மாத்திரை கொஞ்சம் பிடிவாதக்காரி. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் வலிப்பு வந்துவிடும், கூடினால் தலை சுற்றித் தள்ளாடும். அதனால் அடுத்த மாத்திரைக் கட்டைக் கொடுப்பதற்கு முன் ரத்தம் எடுத்து அளவு பார்த்தாக வேண்டும். புது மாத்திரைக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பாதிப் பேருக்கு மட்டும் ரத்தம் எடுத்தால் யாருக்கு எது என்று ஊருக்கே தெரிந்துபோகும். ஆகவே எல்லாருக்கும் எடுப்பார்கள். ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு டாக்டர் அதைப் பார்த்து, 'இவருக்கு அரை மாத்திரை கூட்டு', 'இவருக்கு அப்படியே இருக்கட்டும்' என்று மட்டும் சொல்லி அனுப்புவார். புது மாத்திரைக்காரர்களுக்கும் ஒப்புக்கு அப்படி ஒன்று போகும். ரத்தம் எடுக்காமல் மாத்திரை கொடுப்பது பெரிய டீவியேஷன், அப்படிச் செய்தால் ஆள் இரண்டாவது கணக்கிலிருந்து வெளியே. ப்ரோட்டோகாலில் தடித்த எழுத்தில் இருந்தது.

கணக்குப் போடுகிறவர்கள் மாத்திரை கைமாறுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ரணஜித் தாவின் கட்டளை. அதனால் நகரின் தெற்கே இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு, அந்த ஆய்வின் மையங்களில் ஒன்றுக்கு, நான் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஆய்வு வேலை முழுக்கப் பார்த்தது ஷிப்ரா என்ற கோ-ஆர்டினேட்டர். டாக்டர் கையெழுத்துப் போடுவார், மற்றதெல்லாம் ஷிப்ரா. நோயாளிகளை வரவழைப்பது, ரத்தம் எடுப்பது, மாத்திரை கொடுப்பது, வராதவர் வீட்டுக்குப் போன் போட்டுத் திட்டுவது. குட்டையான உருவம், குரல் மட்டும் ஹௌரா ஸ்டேஷன் வரை கேட்கும்.

பூஜை நெருங்கும் நேரம். ஒரு பெண்ணிடம் ஷிப்ரா சொல்லிக்கொண்டிருந்தாள். வங்காளத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "அஷ்டமி அன்னிக்கு அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி முடியற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா காலை மாத்திரையை முழுங்கிட்டுத்தான் போகணும். அம்மன் கோவிச்சுக்கிட்டா ஷிப்ரா சொன்னான்னு சொல்லு. ராத்திரி பந்தல் பந்தலா சுத்தாதே. தூக்கம் கெட்டா வலிப்பு வரும்." அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஷிப்ரா என் பக்கம் திரும்பி, "இவங்களைக் கட்டி மேய்க்கறது இருக்கே, திதி, அப்பப்பா!" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சிரித்த பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அடுத்து நான் சொல்லப் போகும் பெண் அவள்தானோ என்று பின்னால் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன், முகம் நினைவுக்கு வந்ததில்லை.

அந்த வருஷம் லட்சுமி பூஜை முடிந்ததும் செய்தி வந்தது. அந்த மையத்து நோயாளி ஒருத்தி, இளம்பெண், பூஜைக்கு அப்பா வீட்டுக்குப் போன இடத்தில் குளத்தில் குளிக்கும்போது வலிப்பு வந்து மூழ்கிப் போய்விட்டாள். ஆய்வில் ஒரு சாவு என்றால் உடனே சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் தகவல் போகும். போயிற்று. விசாரித்தார்கள். எங்கள் முறை வருவதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. ஆய்வு முடிந்து, பூட்டைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கூட்டம் கூடியது. ரணஜித் தா, நான், மையங்களுக்குப் போய்ச் சரிபார்த்து வரும் துஹின், ஸ்பீக்கர் போனில் மருந்துக் கம்பெனிக்காரர். செய்தித்தாள் மடித்து வைத்தாயிற்று, டம்ளரும் வைத்தாயிற்று.

பட்டியலில் அவள் எண் வந்தது. ரணஜித் தா படித்தார்: ரத்தம் எடுக்காமல் மாத்திரை கொடுக்கப்பட்டது. பூஜைக்கு முந்தைய வருகை. மையத்திலிருந்து டாக்டர் கையெழுத்தோடு வந்திருக்கிறது.

ஸ்பீக்கரில் இருந்தவர் உடனே சொன்னார்: "தெளிவா இருக்கே. வெளியே. அடுத்தது போகலாம்."

செய்தித்தாள் எதற்கு? அவள் எண் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் அந்த அறையில் யாருமில்லை. புது மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தவளாக இருந்தால் அந்தச் சாவு புது மாத்திரையின் கணக்கில் விழும். அதுதான் கம்பெனிக்காரருக்குப் பயம். இந்த டீவியேஷனால் அவள் இரண்டாவது கணக்கில் இல்லாமல் போவாள். துஹினைக் கேட்டேன்: "இது எப்பத் தெரிஞ்சுது?"

"சாவுக்கு அப்புறம் ஃபைலைப் பார்த்தப்ப."

"மத்தவங்க ஃபைலைப் பார்த்தியா?"

"அதுக்கு அவசியம் வரலியே, பிஜோயாதி. மாத்திரை என்னிக்குக் கைக்குப் போச்சுன்னு நம்ம கம்ப்யூட்டர்ல வராது. ஆஸ்பத்திரியிலதான் இருக்கும்."

"அப்ப செத்தவ ஃபைலைத் தோண்டினா டீவியேஷன். உயிரோட இருக்கறவங்க ஃபைலைத் தோண்டலேன்னா டீவியேஷன் இல்ல. நல்லா இருக்கே கதை!" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ரணஜித் தா கண்ணாடியைக் கழற்றினார். "டீ பிரேக்" என்றார்.

அறைக்குள் டீ இருக்கும்போதே என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். செக்டர் ஃபைவ் நடைபாதைக் கடையில் இரண்டு மண் குவளை டீ வாங்கினார். பால் டீ. அவர் பால் டீ குடித்து அன்றுதான் பார்த்தேன்.

"பிஜோயா, அதை விட்டுடு" என்றார்.

"நீங்களா சொல்றீங்க?"

"கேளு. அந்த ஷிப்ரா ஒருத்திக்கு மட்டும் அப்படிக் கொடுத்திருப்பான்னு நினைக்கிறியா? பூஜோவுக்கு ஊருக்குப் போறவங்க அத்தனை பேருக்கும் கொடுத்திருப்பா. லேப் மூடியிருக்கு, மாத்திரை தீரப் போகுது, வெறுங்கையோட அனுப்ப மனசு வருமா? உனக்கு வருமா? ஒருத்தின்னா, கை தவறிப்போச்சுன்னு ஒரு எச்சரிக்கையோட போகும். எல்லாருக்கும்னு வெளிய வந்தா அந்த மையத்தையே மூடிடுவாங்க. டாக்டர் தப்பிச்சுக்குவார். அவ வேலை போகும். புருஷன் படுத்த படுக்கை, தெரியுமில்ல?"

தெரியும். ஷிப்ராவே சொல்லியிருந்தாள்.

"செத்தவளுக்கு ஒரு கணக்குல இருந்தா என்ன, ரெண்டு கணக்குல இருந்தா என்ன? இன்னொருத்தி உயிரோட இருக்கா" என்றார்.

இத்தனை வருஷம் முடிவை மூடிவைத்துவிட்டு விதியை மட்டும் பார் என்று எங்களை வாட்டி எடுத்த மனிதர், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இரக்கத்துக்காகச் செய்தித்தாளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நாளைக்கு இந்த மாத்திரையை ஊரெல்லாம் சாப்பிடப் போறாங்க, ரணஜித் தா. கெட்டது நடந்தவங்க ஃபைல்ல மட்டும் குத்தம் தேடிக் கழிச்சுக்கிட்டே போனா, எந்த மருந்துலயும் யாருமே சாக மாட்டாங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே இது?" என்றேன்.

அவர் குவளையைக் கீழே போட்டு உடைத்தார். கோபத்தில் அல்ல, இங்கே குடித்து முடித்தால் அப்படித்தான் போடுவோம். "வா" என்றார்.

மேலே போனதும் ஸ்பீக்கர் போனிலேயே ஷிப்ராவைக் கூப்பிட்டான் துஹின். சுற்றி வளைக்கவில்லை. பூஜைக்கு முன்னால் ரத்தம் எடுக்காமல் மாத்திரை கொடுத்தது அந்த ஒரு நோயாளிக்கு மட்டும்தானா என்று கேட்டான்.

"ஒருத்திக்கு மட்டுமா? அவ என்ன என் தங்கச்சியா?" ஷிப்ராவின் குரல் அறை முழுக்க நிறைந்தது. "ஊருக்குப் போறவங்க எல்லாருக்கும்தான் கொடுத்தேன். ஒவ்வொரு பூஜோவுக்கும் கொடுக்கறதுதானே. திரும்பி வந்ததும் ரத்தம் எடுத்துட்டேன், ஒண்ணுகூட விடல. கொடுக்காம விட்டிருந்தா பந்தல்லயே விழுந்திருப்பாங்க. ஏன், என்ன விஷயம்?"

"ஹலோ? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ரணஜித் தாதான், "ஒண்ணுமில்லம்மா, தேங்க் யூ" என்று வைத்தார். அவர் யாரையும் 'மா' என்று அழைத்து நான் அதுவரை கேட்டதில்லை.

பிறகு அவர் மறுபடி பழைய ரணஜித் தா ஆனார். எல்லா மையங்களிலும், எல்லா நோயாளிகளுக்கும் மாத்திரை கொடுத்த நாளைச் சரிபார்க்கும்வரை பூட்டைத் திறக்கக் கூடாது என்றார். ஸ்பீக்கரில் இருந்தவர் குதித்தார். இவர் அசையவில்லை. சரிபார்த்தார்கள். வேறு மையங்களிலும் அங்கங்கே இருந்தது, ஷிப்ராவின் மையத்தில் பாதிக்குமேல். அத்தனை பேரையும் கழித்தால் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். எல்லாரும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதால், அந்தத் தடித்த எழுத்து விதியைத் தளர்த்தி, எல்லாரும் உள்ளே. நடந்ததை அறிக்கையில் பகிரங்கமாக எழுதுவது. அவர்களை நீக்கிவிட்டு இன்னொரு கணக்கும் போட்டுப் பக்கத்தில் காட்டுவது. இதுதான் முடிவு. செத்துப்போன பெண் உள்ளே வந்துவிட்டாள். புத்தகத்தில் எழுதிப் பாடமாக வைக்கலாம், அவ்வளவு சரியான முடிவு. இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன்.

பகிரங்கமாக எழுதினால் யாராவது பதில் சொல்ல வேண்டுமே. தனக்குத் தெரியாமல் கோ-ஆர்டினேட்டர் செய்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மையத்தை மூடினார்கள். ஷிப்ராவை அனுப்பிவிட்டார்கள். ஆய்வு வேலையில் அவளை இனி யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று துஹின் சொன்னான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், வங்கி வேலையில் இருந்தவர், "நீ செஞ்சது சரிதானே, விஜி? அப்புறம் என்ன?" என்றார். "சரிதாங்க. அதுதான் கஷ்டம்" என்றேன்.

பூட்டைத் திறந்த அன்று முதலில் யார் பார்ப்பது என்று எங்களுக்குள் ஒரு தயக்கம். நான்தான் பார்த்தேன். அவள் எண்ணுக்கு எதிரே இருந்தது பழைய மாத்திரை.

பழையது. எவ்வளவு பாடுபட்டு அவளை வெளியே தள்ளப் பார்த்தார்களோ, அந்தச் சாவு அவர்களுடைய மருந்தின் கணக்கிலேயே இல்லை. அவள் உள்ளே இருந்தது புது மாத்திரைக்குத்தான் சாதகம். விடை அவர்களுக்கு வேண்டியபடி வந்தது. மறுவாரம் அந்தக் கம்பெனிக்காரர் ஆபீஸுக்கு சந்தேஷ் இனிப்பு இரண்டு பெட்டி அனுப்பினார், எங்கள் 'நேர்மையான அணுகுமுறை'க்கு நன்றி சொல்லி. இளசுகள் எல்லாம் எடுத்துச் சாப்பிட்டன. ரணஜித் தா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்த் திறந்தபோது, "இப்ப ஷிப்ராகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டார். வழக்கமாக ஆய்வு முடிந்தால் மையங்களுக்கு யாருக்கு எந்த மாத்திரை என்று தகவல் போகும். அந்த மையம்தான் மூடியாயிற்றே. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ரணஜித் தா இப்போது உயிரோடு இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க லேபிலிருந்து வீட்டுக்கே வருவார்கள். ஒருநாள் காலை மணியடித்தது. கதவைத் திறந்தால், தோளில் ஐஸ் பையோடு ஷிப்ரா.

இளைத்துப் போயிருந்தாள். குரல்கூடச் சின்னதாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். "திதி, இது உங்க வீடா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்தாள். இவருக்கு ஊசி என்றாலே பயம். "மெதுவாம்மா, மெதுவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எடுத்தாச்சு காகூ, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள். அந்த ஒரு நிமிஷம் பழைய ஷிப்ரா. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அவளுக்குக் காபி போட இவர் சமையலறைக்குப் போனார்.

வேலை போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் கிளப்பினார்கள் என்று கேட்கவில்லை. ரத்தக் குழாயைக் கையில் வைத்து மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டே, "திதி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணுக்கு நான் கொடுத்தது எந்த மாத்திரை?" என்றாள்.

இத்தனை வருஷமாக இவள் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள் என்று புரிந்தது. சோதனை முடியாத புது மருந்தைத் தன் கையால் கொடுத்துக் கொன்றுவிட்டோமோ என்ற கவலை என்று நினைத்தேன். நல்ல சேதி சொல்லப் போகிற அவசரம் எனக்கு.

"பழசு, ஷிப்ரா. பழைய மாத்திரைதான். வெளியில எந்த டாக்டர்கிட்டப் போயிருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பாங்க. நீ புது மருந்து எதையும் அவளுக்குக் கொடுக்கல" என்றேன்.

குழாயைக் கவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பழசா?" என்றாள். "அப்ப ரத்தத்துல தெரிஞ்சிருக்குமே, திதி. அளவு குறைஞ்சிருக்குன்னு வந்திருக்கும். அரை மாத்திரை கூட்டுன்னு சொல்லியிருப்பாங்க. புதுசா இருந்தா ரத்தம் எடுத்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. புதுசாத்தான் இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டே இருந்தேன்."

என் உத்தியோகம் முழுக்க நான் சொல்லி வந்த வாக்கியத்தைச் சொன்னேன். "ஒரே ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஷிப்ரா. எடுத்திருந்தாலும் அளவு சரியாவே இருந்திருக்கலாம்." அது உண்மை. நூறு தடவை கேட்டாலும் அதுதான் உண்மை.

அவள் தலையை ஆட்டினாள். குழாயில் பெயரை எழுதி ஐஸ் பையில் வைத்தாள். இவர் காபி கொண்டுவந்தபோது, "இன்னொரு வீடு இருக்கு, காகூ, லேட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அடுத்த முறை ரத்தம் எடுக்க வேறொருவர் வந்தார். ஷிப்ரா வரவில்லையா என்று இவர் கேட்டார். "அவங்க வேலையிலதான் இருக்காங்க. இந்த வீட்டுக்கு மட்டும் வேற யாரையாவது அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார் அந்த ஆள்.

அவர் போன பிறகு இவர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட அப்படி என்ன சொன்னே, விஜி?"

"கேட்டா. பதில் சொன்னேன்" என்றேன்.